சுடலைமுத்துவின் கேசட்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடையில், போன வாரம் கடைக்காரர் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “அண்ணாச்சி, இந்த வருசம் நான் அதிகமாக் கேட்ட பாட்டு எதெதுன்னு போனே சொல்லுது, பாத்தியளா?” பார்த்து என்ன செய்ய? எனக்கு எழுத்து வராது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். நடுநடுவே சிரிக்கிறாள், அதை மட்டும் எழுத மாட்டாள்.

ஒரு வருசத்துப் பாட்டை நானும் சொல்லுவேன். எங்கள் ஊருக்குக் கேசட் வந்த வருசம். அப்போது நான் மைக் செட் வைத்திருந்தேன். இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய தாளின் நிறத்தையும் மேலே விழுந்த கீறலையும் வைத்தே என்ன பாட்டென்று சொல்லிவிடுவேன். எண்ணெய்க் கை பட்ட தட்டு, கல்யாண வீட்டு வடை வாசனையோடு அடுத்த ஊர் சடங்கு வீட்டில் பாடும். அந்த வருசம்தான் பழைய பாடகர் ஒருவர் இறந்து, ஒரு நாள் முழுக்க எல்லாக் குழாய் ஸ்பீக்கரிலும் அவர் குரலே கேட்டது. புதிதாக ஒருவர் இசையமைக்க வந்தார். அவருடைய மேளம் என் குழாயில் தகரத்தில் கல் விழுந்த மாதிரி இருக்கும். அதே வருசம் சுடலைமுத்து எங்கள் தெருவிலேயே கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை திறந்தான். எனக்கு வயிறு எரிந்தது.

அந்தப் புது ஆளின் பாட்டு ஒன்று ரேடியோவில் வந்தது. தட்டு இன்னும் வந்து சேரவில்லை. சுடலைமுத்து தன் வீட்டு ரேடியோவின் முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்துவிட்டான். சரணம் முடிந்ததும் பாட்டு ஒரு நொடி நிற்கும். சரியாக அங்கே அவன் பெண்டாட்டி அடுப்படியிலிருந்து கேட்கிறாள்: “சாப்பிட வாரியளா, இல்லியா?” அதுவும் பதிந்துவிட்டது. ஊரெல்லாம் அதிலிருந்துதான் பதிந்து வாங்கியது. என் வீட்டுக்காரியே பாத்திரம் தேய்க்கையில் அந்த வரியையும் சேர்த்துப் பாடினாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மதுரைக்கு பஸ் ஏறிப் போய்த் தட்டை வாங்கி வந்தேன். சுத்தமான பாட்டைக் கேட்டுவிட்டால் சனம் என் பக்கம் திரும்பிவிடும், சுடலைமுத்து கடையைப் பூட்டுவான் என்று நினைப்பு. பனவடலிசத்திரத்தில் ஒரு கல்யாணத்தில் போட்டேன். அந்த இடத்தில் பாட்டு நின்றது. பந்தலே சேர்ந்து கத்தியது: “சாப்பிட வாரியளா, இல்லியா?”

பெண்ணின் தகப்பனார் வந்தார். “அந்தப் பொம்பள சத்தம் எங்கவே?”

“அது பாட்டுலயே கிடையாது அண்ணாச்சி. இதுதான் அசலு.”

“அசலாம் அசலு! அரைகுறையால்லா கொண்டாந்திருக்கீரு.”

மோட்டார் சைக்கிளில் ஆளனுப்பிச் சுடலைமுத்துவையே கூட்டி வந்தார்கள். என் ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் தன் டேப் ரெக்கார்டரை எப்படி மாட்டுவதென்று தெரியாமல் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நானே மாட்டிக் கொடுத்தேன். “கோவிச்சுக்கிடாத மக்கா” என்றான். எல்லாவற்றையும்விட அதுதான் எரிந்தது.

இன்று சுடலைமுத்து இல்லை. அவன் பெண்டாட்டி இல்லை. என் வீட்டுக்காரியும் போய்விட்டாள். பஸ்ஸில் எப்போதாவது அந்தப் பாட்டு வருகிறது. அந்த இடத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. உங்கள் வீட்டுப் பரணில் அந்தக் கேசட் கிடந்தால் சொல்லுங்கள். சுடலைமுத்துவின் மகனும் தேடுகிறானாம். அவனிடம் சொல்லாதீர்கள். என்னிடம் சொல்லுங்கள்.