மரியதாஸ் சொன்ன "காணாம்"

ஞாயிற்றுக்கிழமை காலை காரோடு ஊரிலிருந்து மரியதாஸின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, அப்பா போயாச்சு" என்றாள். உடனே காரோட்டுக்குப் புறப்பட்டேன்.

விமானத்தளக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அவனோடு வேலை பார்த்தவர்களுக்கு அவனுடைய பிடிவாதம் தெரியும். கருவிகளை நம்பி மேகத்துக்குள் வரும் விமானி, ஓடுபாதை தன் கண்ணில் பட்டதாகச் சொன்ன பிறகே, கண்ணால் பார்த்து இறங்க நாங்கள் அனுமதி தரலாம். அதுதான் விதி. "அவரு கண்டாத்தான் கண்டது. நாம ஊகிச்சு அனுமதி குடுத்தா அது கொலையாக்கும்" என்பான்.

எங்கள் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரி எல்லைப் போராட்டம் மூண்டிருந்த காலம் அது. பாறசாலை ஊர்வலத்துக்குப் போனவர்களின் பெயர்களை யாரோ போலீசுக்கு எழுதிக்கொடுக்கிறார்கள் என்று எங்கள் ஊர் குன்னத்துகாலில் பேச்சு. வேலை போய்விடுமோ என்று பயந்து கோபுரத்தில் தமிழையே விட்டுவிட்டேன். வீட்டில்கூட மலையாளம்தான் வந்தது. "எலே, உனக்க நாக்க ஆரு புடுங்கினது?" என்று மரியதாஸ் கேலி செய்வான்.

ஒரு மழைநாள் மத்தியானம் சென்னையிலிருந்து விமானம் வந்தது. விமானி எங்களோடு பழகிய தமிழர். பாதை கண்ணில் பட்டதா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். இரைச்சலுக்கு நடுவே, "காணாம்" என்றார். மலையாளத்தில் அதற்குத் தெரிகிறது என்று பொருள்; அவர் சொன்ன தமிழிலோ தெரியவில்லை என்று. என் பயந்த காதில் மலையாளம்தான் விழுந்தது. அனுமதி கொடுக்க வாயெடுத்தேன். மரியதாஸ் மைக்கைப் பிடுங்கி ஆங்கிலத்தில் மறுபடி கேட்டான். பாதை தெரியவில்லை, எங்கும் மேகம் என்று பதில் வந்தது. உயரம் குறையாமல் சுற்றச் சொன்னான். மேகம் விலகி, பாதையைக் கண்டதாக விமானி தெளிவாகச் சொன்ன பிறகே அனுமதி கொடுத்தான்.

குறிப்பேட்டில் எழுதாதே என்று கெஞ்சினேன். "எழுதத்தான் வேணும் மக்கா. ஆனா உனக்க பாஷைக் கொழப்பத்த எழுதமாட்டேன். பதில் தெளிவா கேக்கல, மறுபடி கேட்டோம்னு எழுதுவேன்" என்றான். அன்றுமுதல் அவனோடு தமிழிலேயே பேசினேன். வேலை போகவில்லை. எதையும் மறுபடி ஒருமுறை கேட்கும் வழக்கம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

பணி முடிந்து பிரியும்போது அவன் மலையாளத்தில்தான் விடைபெறுவான். மறுபடி பார்க்கலாம் என்பதற்கு, "இனி காணாம்." காரோட்டில் அவன் சவப்பெட்டியை மூடும்போது நானும் அதையே சொன்னேன். அவன் மகள் கதறிவிட்டாள்.

"அப்படிச் சொல்லாதீங்க மாமா."

"மலையாளத்துலயாக்கும் சொன்னேன், மக்ளே."