வழி கேட்காமல் போன வீடு

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் எங்கள் வீடு. பத்து காஜா மருத்துவமனையில், நோயாளிகளைப் பதிவு செய்யும் முகப்பில் எனக்கு வேலை. பல வருடங்களாக அந்த ஒரே சாலையில்தான் காரோட்டிப் போய் வருகிறேன். ஒருநாள் சாலையைத் தோண்டி அடைத்துவிட்டார்கள். மாற்றுப் பாதைக்கு அம்புக்குறியெல்லாம் வைத்திருந்தார்கள். அப்படியும் நான் சுற்றிச் சுற்றி, எங்கேயோ ஒரு ஈயம் தோண்டிய பழைய குட்டையின் கரையில் போய் நின்றேன். வேலைக்குத் தாமதமாகப் போய் டயர் பஞ்சர் என்று சொன்னேன். எனக்கு வழி தெரியாது என்பதைவிட அது சுலபமாக இருந்தது.

வேறு எங்கே போவதென்றாலும் என் கணவர்தான் ஓட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவேன். வழியைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவருக்குக் கண் பார்வை மங்கி, அறுவைச் சிகிச்சை செய்து, இனி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொன்னபோது அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "நான் இருக்கேன்லங்க. எங்கன்னாலும் நான் ஓட்டுறேன்" என்றேன். சொல்லும்போதே அந்தக் குட்டைக் கரைதான் கண்முன் வந்தது.

கைப்பேசி வரைபடத்தைப் பார்த்து ஓட்டிப் பார்த்தேன். பாதியில் யாராவது அழைப்பார்கள், படம் மறைந்துவிடும். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்குள் போனால் லைன் கிடைக்காது. அதனால் ஒரு சனிக்கிழமை, மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ஈப்போ டவுனில் கார் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். வழிகாட்டும் கருவி இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரச் சீனர் மேலும் கீழும் பார்த்தார். இப்போதெல்லாம் இதை லாரிக்காரர்களும், காட்டுக்குள் மீன் பிடிக்கப் போகிறவர்களும்தான் வாங்குகிறார்கள், உங்களுக்கு எதற்கு என்று மலாயில் கேட்டார்.

"என் தம்பிக்கு. லாரி ஓட்டுறான்" என்றேன். எனக்குத் தம்பியே கிடையாது.

தம்பி தாய்லாந்துப் பக்கம் போவாரா, லாரி எவ்வளவு உயரம் என்றெல்லாம் அவர் அக்கறையாகக் கேட்டார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மூன்று கருவிகளை எடுத்து வைத்தார். சின்னதில் எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. பெரியது காரின் முன்கண்ணாடியில் பாதியை மறைத்துவிடும். நடுத்தரமானதை எடுத்தேன். லைன் இல்லாவிட்டாலும் வேலை செய்யும், நாட்டு வரைபடம் முழுவதும் உள்ளேயே இருக்கிறது, ஊர்ப் பெயரை அடித்தால் போதும் என்றார். தமிழ்க் குரல் இல்லை. மலாய்க் குரலை வைத்துக்கொண்டேன்.

வீட்டில் அதைக் காட்டவில்லை. காரில் முன்இருக்கைக்கு எதிரே இருக்கும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். தனியாகப் போகும்போது எடுத்து, கண்ணாடியின் கீழ் மூலையில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி ஒட்டிக்கொள்வேன். "பெலோக் கிரி" என்று அது பொறுமையாகச் சொல்லும். நான் இடது பக்கம் திரும்புவேன். தப்பாகத் திரும்பினாலும் திட்டாது. புதிதாக ஒரு வழி போட்டுக் கொடுக்கும். சில வாரங்களில் ஈப்போவுக்குள் தைரியமாகச் சுற்ற ஆரம்பித்தேன். பழகிய வழிகளில் அவரையும் ஏற்றிப் போனேன். "நல்லாவே ஓட்டுறியே" என்றார் என் கணவர், எதுவும் தெரியாமல்.

அப்போதுதான் அவருடைய அத்தை இறந்துபோனார். தாயில்லாத பிள்ளைகளான இவரையும் இவருடைய அக்காவையும் சோறு போட்டு வளர்த்தவர் அந்த அத்தைதான். ஒரு மணி நேரத் தொலைவில், சுங்காய் பக்கத்தில், முன்பு ரப்பர் மரங்கள் இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட ஒரு தோட்டத்தில் மகனோடு இருந்தார். நான் வேலையில் இருக்கும்போது செய்தி வந்தது. மதியமே எடுக்கிறார்கள் என்றார்கள். அப்படியே கிளம்பி, மாலை வாங்கிக்கொண்டு, கணவரையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டேன். இனி மறைக்க முடியாது. கருவியை எடுத்து ஒட்டினேன்.

"இது எப்ப வாங்கின?" என்றார் அவர். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் போடும் கறுப்புக் கண்ணாடிக்குள் அவர் கண் எனக்குத் தெரியவில்லை.

"ஆபீஸ்ல ஒருத்தவங்க குடுத்தாங்க" என்றேன்.

தோட்டத்தின் பெயரை அடித்ததும் அதே பெயரில் இரண்டு இடங்கள் வந்தன. டிவிசன் என்று பிரித்த ஒரே தோட்டத்தின் இரண்டு பகுதிகள். நாங்கள் போக வேண்டியது எது என்று எனக்குத் தெரியவில்லை. அவரைக் கேட்டிருக்கலாம், பிறந்து வளர்ந்த இடம், அவருக்குத் தெரியாதா? ஆனால் இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தயங்குவது தெரியக் கூடாதென்று முதலில் இருந்ததைத் தொட்டேன்.

சுங்காய் டோலைத் தாண்டியதும் அக்கா சொன்னார். "எல்லாம் மாறிப்போச்சுலா. ஒன்னும் அடையாளம் தெரியல. போன் போட்டுக் கேட்டுக்கலாமா?"

"வேணாம்கா. இதுல எல்லாம் இருக்கு."

வழியில், மாமாக் கடை என்று இங்கே சொல்லும் தமிழ் முஸ்லிம் டீக்கடை ஒன்றும் இருந்தது. வெளியே நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அதையும் தாண்டிப் போனேன்.

செம்மண் பாதை. இரண்டு பக்கமும் செம்பனை. சேர்ந்துவிட்டோம் என்று கருவி சொன்ன இடத்தில் கூடாரம் போட்டிருந்தது, பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உயிர் வந்தது. கொண்டுவந்து சேர்த்துவிட்டேன் என்ற பெருமையில், அவர்கள் இறங்குவதற்கு முன்பே மாலையோடு நான் உள்ளே போய்விட்டேன். அத்தையை என் கல்யாணத்திலும் பிறகு ஓரிரு முறையும் பார்த்ததுதான். சவப்பெட்டிக்குள் மெலிந்த வயதான அம்மா. மாலையைப் போட்டேன். காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அழுகையும் வந்தது, பொய்யில்லை. தலைமாட்டில் இருந்த பெண் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

அவள் தோளுக்கு மேல் அக்காவைப் பார்த்தேன். என் கணவரின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவர் பெட்டியருகே அப்படியே நின்றுவிட்டார்.

"இது நம்ம அத்தை இல்ல" என்றார், மிக மெதுவாக.

அந்தப் பெண் என்னை விடவில்லை. விலகி என் முகத்தைப் பார்த்தாள். யாரென்று தேடினாள். பிறகு அவள் கண், கழுத்தில் நான் கழற்ற மறந்திருந்த மருத்துவமனை அடையாள அட்டையில் நின்றது.

"ஆஸ்பத்திரியிலேருந்தா வாரீங்க? அம்மாவ அங்க வச்சிருந்தப்ப பார்த்தீங்களாக்கா?"

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். என்னைச் சுற்றி அத்தனை பேர். ஆமாம் என்று தலையாட்டினேன்.

"பாருங்க, அங்கேருந்து வந்திருக்காங்க" என்று அவள் மற்றவர்களிடம் சொல்லி, மறுபடியும் அழுதாள். ஒரு பெரியவர் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். என் கணவர் கறுப்புக் கண்ணாடியோடு, எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அக்காதான் அவரை வெளியே கூட்டிப்போனார். நான் உடனே எழுந்து வர முடியவில்லை; அவள் என் கையைப் பிடித்திருந்தாள்.

காருக்கு வந்து அத்தை மகனுக்குப் போன் செய்தபோது, நாங்கள் திரும்பிப் போய், மாமாக் கடையருகே பிரியும் மற்ற பாதையில் போக வேண்டும் என்று தெரிந்தது. போனோம். கூடாரத்துக்குள் பெண்கள் மட்டும் இருந்தார்கள். வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சுடுகாட்டுக்கு விரட்டிக்கொண்டு போயும் முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. என் கணவர் புகை வந்த பக்கமாகக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஏன் தாமதம் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன், "என்னாலதான். கண்ணுக்கு மருந்து போட்டுக் கெளம்ப லேட்டாயிருச்சு" என்றார் அவர்.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா தூங்கிய பிறகு அவர் கேட்டார். "உனக்கு வழி தெரியாதுன்னு எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"வெக்கமா இருந்துச்சுங்க."

"எங்கிட்டயா?" என்றார். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை போலிருந்தது.

கருமாதிக்குப் போனபோது, மாமாக் கடையில் வண்டியை நிறுத்திக் கேட்டேன். "ரெண்டு டிவிசன் இருக்குலாக்கா, எல்லாரும் இங்க கேட்டுட்டுத்தான் போவாங்க" என்று கடைக்காரர் சாதாரணமாகச் சொல்லி வழி காட்டினார்.

சாப்பாடு முடிந்ததும் அத்தையின் மருமகளைத் தனியாக அழைத்து, அன்று தாமதமானது என்னால்தான், அவரால் இல்லை என்று சொன்னேன். அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"தெரியும்லாக்கா. அன்னைக்கு சாயங்காலமே தெரியும். அந்த வீட்டுக்காரங்களும் நாங்களும் ஒரே கோயில்தானே. வெள்ளக் காரு, கறுப்புக் கண்ணாடி போட்ட ஆளுன்னு சொன்னதும் புரிஞ்சிருச்சு."

எனக்கு முகம் எரிந்தது. "அந்தப் பொண்ணுக்கும் தெரியுமா?"

"இல்லக்கா. நாங்க சொல்லல. ஆஸ்பத்திரியிலேருந்து ஒருத்தவங்க அம்மாவுக்காக அவ்ளோ தூரம் வந்தாங்க, மாலை போட்டு அழுதாங்கன்னு அந்தப் புள்ள கோயில்ல எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டிருக்கு. போற வழியில பார்த்துட்டுப் போறீங்களா? சந்தோசப்படும்."

நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, கணவரைக் கூப்பிடப் போனேன்.