சாலையை விட்டு இறக்கிய கார்

போக்குவரத்து அலுவலகத்தின் மதில் ஓரமாக, தகரக் கூரைக்குக் கீழே மேசை போட்டு முப்பத்தொரு வருடமாக மனு அடித்துக் கொடுப்பவள் அவள். பெயர் மாற்றம், முகவரி மாற்றம், தொலைந்துபோன உரிமத்துக்கு நகல், எதுவானாலும் வந்தவர் சொல்லி முடிப்பதற்குள் பாதித் தாள் நிறைந்திருக்கும். உள்ளே இருக்கிறவர்களுக்கே சந்தேகம் வந்தால், "வெளியில டைப்பிஸ்ட் அம்மாகிட்ட கேளுப்பா" என்பார்கள். அப்பேர்ப்பட்டவளுக்குத் தன் வீட்டுக் காரை ஓட்டத்திலிருந்து நிறுத்த ஒரு மனு அடிக்க நான்கு நாள் பிடித்தது.

கார் அவள் மாமனார் வாங்கியது. பாலாடை நிறம், கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். கணவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தபோதும் சரி, பிறகும் சரி, விடிந்ததும் முகம் கழுவுகிறாரோ இல்லையோ, காரைத் துடைத்துவிடுவார். கல்யாணமான புதிதில், "எனக்கு முன்னாடி வந்த மூத்தவ அவதான்" என்று அவள் கேலி செய்வாள். அவரும் மறுக்கமாட்டார்.

இரண்டு வருடமாக அவருக்கு ஞாபகம் கழன்றுகொண்டே வந்தது. முதலில் ஆட்களின் பெயர், பிறகு கிழமை, பிறகு வழி. ஒரு தடவை காய்கறி வாங்கப் போனவர் நாற்பது மைல் தள்ளி ஒரு பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டிருந்தார். அவள் சாவியை ஒளித்தாள். பூட்டுக்காரனிடம் போய் வேறு சாவி செய்துகொண்டு வந்தார். மருந்து மறந்தது, மாத்திரை மறந்தது, பூட்டுக்கடை மட்டும் மறக்கவில்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. அந்தக் குறை பிறகு அவளைப் பிடித்து உலுக்கியது.

ஒரு மத்தியானம் காரைப் பின்னால் எடுப்பதாக நினைத்து முன்னால் எடுத்தார். எதிர்வீட்டுத் தையல்காரர் சாக்கடை மூடியின் மேல் ஸ்டூல் போட்டு பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் அவருடைய வலது கால் சிக்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் தையல்காரரின் படுக்கைக்குப் பக்கத்தில் அவள் போய் நின்றாள். அவர்தான் பேசினார்.

"போலீஸ்ல எழுதிக்கொடுக்கல அக்கா. அவர் தெரிஞ்சா செஞ்சாரு? ஆனா இது என்னோட நிக்கணும். அடுத்து ஒரு ஆள் சிக்கினா நான் உங்களை மன்னிக்கமாட்டேன்."

அவரை என்று சொல்லவில்லை, உங்களை என்றார். அவள் அதைக் கேட்டுக்கொண்டாள்.

காரை விற்கலாம் என்றால் இரண்டு நாளில் ஆள் வரும்; பழைய கார் சேர்க்கிறவர்கள் ஏற்கெனவே கேட்டு அலைந்தவர்கள்தான். ஆனால் விற்கக் கணவர் சம்மதிக்கமாட்டார். உடைக்கக் கொடுத்தால் உயிரையே விட்டுவிடுவார். மிச்சமிருந்தது ஒரே வழி. கார் ஷெட்டிலேயே இருக்கலாம். நம்பர் பலகையையும் பதிவுப் புத்தகத்தையும் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். பொதுச் சாலையில் சக்கரம் உருளாது என்று உடைமையாளர் கையெழுத்திட வேண்டும். வருடா வருடம் அதைப் புதுப்பிக்க வேண்டும். பேட்டரியையும் கழற்றிவிட்டால் சாவி இருந்தும் பயனில்லை.

மனுவில் காரணம் என்ற இடத்தில்தான் அவள் நான்கு நாள் நின்றாள். கடைசியில் "உடைமையாளருக்கு ஞாபக மறதி நோய்" என்று அடித்து, டாக்டர் சான்றிதழையும் சேர்த்துக் கொண்டுபோனாள்.

உள்ளே இருந்த அதிகாரி அவளுக்குப் பழக்கமானவர். படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தள்ளினார்.

"அம்மா, உங்களுக்குத் தெரியாததா? புத்தி சரியில்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் அவர் கையெழுத்து எப்படிச் செல்லும்? கோர்ட்டுக்குப் போய் நீங்க பொறுப்பாளர்னு உத்தரவு வாங்கணும். ஒரு வருஷமாவது ஆகும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் கார் ஓட்டத்துல இருக்கிற கார்தான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "சான்றிதழை எடுத்துருங்க. நல்லா இருக்கார்னு கூட்டிட்டு வாங்க. நான் ரெண்டு கேள்வி கேட்பேன். அவர் வாயால பதில் சொன்னா போதும்."

அவரால் காரை ஓட்ட முடியாது என்று நிரூபிக்க வந்தவள், அவர் நன்றாக இருக்கிறார் என்று பொய் சொல்ல வேண்டியதாயிற்று. வேறு தாளில், "கார் பழையது, பராமரிக்க இயலவில்லை" என்று அடித்தாள்.

அவருக்குக் காலை வேளைதான் தெளிவு. மறுவாரம் ஒரு காலையில் சட்டை மாட்டிவிட்டு, வாடகைக் காரில் கூட்டிப்போனாள். வழியெல்லாம், "நம்ம கார் என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கவுன்டரில் உட்கார்ந்ததும் அதிகாரி கேட்டார்:

"சார், இது யார் கார்?"

"எங்கப்பா வாங்கினது. என்னோடது." நம்பரையும் தடங்கலில்லாமல் சொன்னார்.

"இனிமே இதை ரோட்டுல எடுக்கமாட்டேன்னு உங்க விருப்பப்படிதான் எழுதிக்கொடுக்கறீங்களா?"

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "ஏன்? காருக்கு என்ன? நல்லாத்தானே ஓடுது?"

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஏதாவது பொய்யைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

"என்னங்க, நீங்க எதிர்வீட்டுக்காரர் மேல ஏத்திட்டீங்க. அவருக்குக் கால் போயிடுச்சு."

"யாரு? நம்ம தையல்காரரா?"

"ஆமா."

"நானா?"

"நீங்கதான்."

அவர் முகம் கோணியது. சத்தமில்லாமல் அழுதார். பிறகு மேசைமேல் கையை நீட்டி, "பேனாவைக் குடு" என்றார். பாஸ்போர்ட்டில் இருக்கும் அதே கையெழுத்து, ஒரு எழுத்து பிசகாமல். அதிகாரி தலை குனிந்தபடி முத்திரை குத்தினார்.

அன்று சாயங்காலமே மெக்கானிக் வந்து பலகைகளைக் கழற்றினார், பேட்டரியை எடுத்தார், நான்கு சக்கரமும் தரையைத் தொடாதபடி காரை மரக்கட்டை மேல் தூக்கி நிறுத்தினார். கணவர் பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார். சர்வீஸ் நடக்கிறது என்று நினைத்திருந்தார்.

மறுநாள் காலை ஷெட்டிலிருந்து, "நம்பர் பிளேட்டை எவனோ திருடிட்டுப் போயிட்டான்!" என்று கத்தினார். அவள் மறுபடி சொன்னாள். மறுபடி, "நானா?" என்றார், மறுபடி அழுதார். மூன்றாம் நாளும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது அப்போதுதான் நடந்த விபத்து. நான்காம் நாள், "பிளேட்டைப் பெயின்ட் அடிக்கக் கொடுத்திருக்குங்க" என்றாள். "நல்ல கருப்பா அடிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனார்.

தையல்காரர் கட்டைக்காலோடு வீட்டுக்கு வந்த பிறகு, கணவர் ஜன்னலில் நின்று அவரைப் பார்த்து, "பாவம், அவருக்கு என்னாச்சு?" என்று கேட்பார். அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அடுத்த வருடம் புதுப்பிக்கப் போனபோது அவரால் பேனா பிடிக்க முடியவில்லை. கட்டை விரலை மையில் தோய்த்து வைத்தார்கள். கார் யாருடையது என்ற கேள்விக்கு, "டாக்டரோடது" என்றார். அதிகாரி காதில் விழாதது போல எழுதிக்கொண்டார்.

அதற்கடுத்த வருடம் அவள் தனியாகப் போனாள். இறப்புச் சான்றிதழின் நகலை இணைத்து, வாரிசு என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"இனிமே யாரு ஓட்டப்போறாங்க? வித்துடலாமே அம்மா" என்றார் அதிகாரி.

"யார் வாங்கினாலும் ரோட்டுலதான சார் எடுப்பாங்க" என்றாள். ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.