என் மகன் பார்க்கும் வேலை

பஸ்ஸில் நான் இறங்கவேண்டிய இடம் வந்தால் மணி அடிக்கக் கூச்சமாக இருக்கும். வேறு யாராவது அடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்து வருவேன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்தேன். ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கிள்ளானுக்குக் கல்யாணமாகி வந்து கிழவியும் ஆகிவிட்டேன். மணி மட்டும் இன்னும் அடித்தபாடில்லை.

எனக்கு ஒரே மகன். முதலில் இஞ்சினியராக இருந்தான். அது எனக்கு வசதியாக இருந்தது. சபையில் பெண்கள் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். வெள்ளத் தண்ணீரை இறைக்கும் பம்பு, ஆறு ஏறினால் ஊளையிடும் சைரன், இதெல்லாம் அவன் வேலை. திடீரென்று ஒருநாள் அதை விட்டுவிட்டேன் என்றான். சைரன் நன்றாகத்தான் கத்துகிறதாம், ஜனங்கள்தான் வீட்டை விட்டு வெளியே வருவதில்லையாம். ஏன் என்று எந்த இஞ்சினியருக்கும் தெரியவில்லையாம். அதைத் தெரிந்துகொள்ள மறுபடி படிக்கப் போனான், டாக்டர் பட்டமும் வாங்கினான். இப்போது பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறான். ஆபத்து வரும்போது மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு, அரசாங்கம் என்ன செய்யலாம் என்று எழுதிக் கொடுக்கிறான்.

இதை நான் சபையில் எப்படிச் சொல்வேன்? ஆபத்தைப் பற்றி ஆராய்ச்சி என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டா என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்போது, வெள்ளத்தில் வீட்டை விட்டு அசையாதவர்களின் கதையை எல்லாம் சொல்வான். நான் ரசம் ஊற்றிக்கொண்டே, இப்படியும் மனிதர்களா என்று உச்சுக் கொட்டுவேன்.

பிறகு நான் குடியிருக்கும் தாமானிலேயே வெள்ளச் சைரன் ஊதியது.

பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தே இருந்தேன். வீட்டுக்காரர் காலமான பிறகு வீட்டில் நான் மட்டும்தான். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா கதவைத் தட்டி, வா போகலாம் என்றார். மகன் வருகிறான் என்று புளுகினேன். வாசல் கேட் வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். போன வெள்ளத்தில் பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கவைத்தார்கள். அங்கே பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு காலை நீட்டிக் கதவை முட்டுக்கொடுத்துக்கொண்டு, உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரியட்டும் என்று ஓயாமல் இருமிக்கொண்டே காரியத்தை முடிக்கவேண்டும். என் முட்டிக்கு அது ஆகிற வேலையா? இதற்குப் பயந்தே அங்கே சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்து மயங்கி விழுந்தேன். மறுபடி அங்கே போவதைவிட, வெள்ளத்தோடு போனால் மரியாதையாவது மிஞ்சும் என்று தோன்றியது.

மகன் போன் மேல் போன் அடித்தான். கிளம்பிக்கொண்டே இருக்கிறேன் என்றேன். திட்டினான், கெஞ்சினான். பெற்ற பிள்ளையிடம் பாத்ரூம் கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.  திடீரென்று அவன் குரலே மாறிவிட்டது.

"வணக்கம் ஆன்டி. நான் ஆராய்ச்சி நிலையத்துலேருந்து பேசறேன். உங்க பேரெல்லாம் வேணாம். ஏன் இன்னும் கிளம்பல, அத மட்டும் சொல்லுங்க."

இவனுக்கு என்ன பைத்தியமா என்று நினைத்தேன். ஆனால் ஆன்டி என்றதும் எனக்கு என்னவோ லேசாகிவிட்டது. முகம் தெரியாத பிள்ளைதானே.

"பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை தம்பி," என்றேன்.

சிரிக்கவில்லை. "வெளிய காவலுக்கு ஒரு ஆள் நின்னா போவீங்களா ஆன்டி?"

"போவேன் தம்பி."

"அப்போ ஆளுங்கள ஏத்திப்போற லோரி வந்ததும் ஏறிடுங்க. நான் மண்டபத்துல நிக்கறேன்."

ஏறினேன். ஏற்றினார்கள் என்பதுதான் சரி. இரண்டு பையன்கள் அரிசி மூட்டையைப் போல என்னைத் தூக்கிப் போட்டார்கள். வீட்டுக்குள் சாயங்காலமே நாற்காலி முழுகிவிட்டதாம்.

மண்டபத்தில் சொன்னபடியே நின்றான். முழங்கால் வரை சேறு. பெண்கள் பாத்ரூமுக்குச் சற்றுத் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு காவல். நான் போய்வந்ததைப் பார்த்து இன்னும் நாலைந்து பெண்கள் வரிசைக்கு வந்தார்கள். போகிறவர்கள் எல்லாம் "தேங்க்யூ பாஸ்" என்றார்கள்.

பக்கத்துப் பாயில் இருந்தவள் கேட்டாள். "உங்க மகன் என்ன வேலை செய்றாரு அக்கா?"

"அதோ, அந்த வேலைதான்," என்று கையைக் காட்டினேன்.

"அதுக்கா டாக்டர் பட்டம்னு சொல்லிக்கிறாங்க? போங்க லா."

"என்னை மாதிரி ஆளுங்க இருக்கறப்போ அதுவே பத்தாதும்மா," என்றேன்.

சொல்லிவிட்டு மெல்ல எழுந்தேன். பயமில்லாமல் குடித்த இரண்டாவது டம்ளர் தேத்தண்ணீர் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது.