ஸ்டியரிங்குக்கு நாடி பார்ப்பவர்

கண்களை மூடி, ஸ்டியரிங் வீலின் நடுவில் வலது காதை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார். இஞ்சின் ஓடுகிறது. பக்கத்துக் கொட்டகையில் தகரம் தட்டுபவர் சுத்தியலை இறக்கி வைத்துவிட வேண்டும். காரின் சொந்தக்காரர் செருமக்கூடக் கூடாது. "ஷ்ஷ்... மோட்டார் அழுதுட்டு இருக்கு" என்கிறார், நோயாளியின் உறவினர்களிடம் கையை விரிக்கும் பெரிய டாக்டரின் குரலில். காது கொஞ்சம் அழுத்தமாகப் பதிந்தால் ஹாரன் அலறிவிடும். வாரத்துக்கு இரண்டு முறையாவது அலறுகிறது. ஒவ்வொரு முறையும் துள்ளி எழுந்து, "ஹாரன் நல்லா இருக்கு" என்று அதையும் ஒரு பரிசோதனையாகச் சேர்த்துக்கொள்கிறார்.

தெருவே அவரை "புரொபசர்" என்று அழைக்கிறது. அதைப் பட்டம் என்று நம்பிக்கொண்டிருப்பவர் அவர் ஒருவர்தான். வயது ஐம்பத்திரண்டு. மடிப்புக் கலையாத நீலச் சட்டை. பையில் மூன்று பேனாக்கள், மூன்றும் எழுதாது. எண்ணெய் அழுத்தத்தில் திரும்பிய அந்தக் கால ஸ்டியரிங்குகளின் கோளாறை அவர் காதாலேயே கண்டுபிடித்தது உண்மை. அவற்றில் பம்ப் இருந்தது, பம்ப் கெட்டால் முனகும். பின்னால் வந்தவை மின்சாரத்தில் திரும்புகிறவை. அவற்றின் நோய் பெரும்பாலும் சத்தமே போடாது. அதற்காக இத்தனை வருடம் புகழ் சேர்த்துக் கொடுத்த காதை அவர் கைவிட்டுவிடுவாரா?

மனிதர்கள் சொல்வது மட்டும் அந்தக் காதில் ஏறாது. "போன செவ்வாய்க்கிழமை திரும்பறப்ப..." என்று யாராவது ஆரம்பித்தால் கையைத் தூக்கிவிடுவார். "நீங்க சொல்லாதீங்க. வண்டி சொல்லட்டும்."

வண்டியையும் அவர் சொல்லவிடுவதில்லை என்பதுதான் வேடிக்கை. கோளாறுகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மாட்டியதும், திரையில் வரும் வரிகளைப் படிக்காமலே அழிக்கிறார். "ஸ்லேட்டைத் துடைச்சாத்தானே புதுசா எழுத முடியும்?" அதற்கும் முன்னால் இன்னொரு சடங்கு உண்டு. சக்கரம் வைத்த பெரிய சார்ஜரை உருட்டிவந்து, சிவப்புக் கிளிப்பைப் பேட்டரியிலும் கறுப்புக் கிளிப்பை இஞ்சினின் இரும்பிலும் கடிக்க வைப்பார். எப்போதோ ஒரு நாள், நாலு பேர் பார்க்கும்போது ஒரு காரின் பேட்டரி உயிரை விட்டு ஸ்கேனர் பாதியில் அணைந்துபோனதாம். அந்த அவமானம் மறுபடி நேரக்கூடாது. அன்றிலிருந்து இந்தக் கொட்டகைக்குள் வரும் எந்தக் காரும் சொந்த பலத்தில் நின்றதில்லை.

முன்னறையில் ரசீது எழுதும் மனைவி ஜன்னல் வழியாகச் சொல்வார்: "ஊர்ல இருக்கற மோட்டாரெல்லாம் இவர்கிட்ட வந்து அழுவுது. வீட்டு மிக்ஸி மட்டும் மூணு மாசமா வாயே திறக்க மாட்டேங்குது."

இவரிடம்தான் ஓய்வுபெற்ற பள்ளி நூலகரான ஓர் அம்மா தம் பதினாறு வயதுக் காரைக் கொண்டுவந்தார். அறுபத்தொரு வயது. குளியலறையில் விழுந்து, வலது தோளில் தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்தக் கை நெஞ்சுக்கு மேல் எழும்பாது. ஒரு விரலால் தள்ளினால் திரும்பும் ஸ்டியரிங் இருந்ததால்தான் அவரால் கார் ஓட்ட முடிந்தது. ஊரின் மறுகோடியில் ஒரு முதியோர் காப்பகத்தில் அவருடைய அக்கா இருக்கிறார். அந்த அக்காவுக்குத் தன் பெயர் மறந்துவிட்டது. பெற்ற பிள்ளைகளின் முகம் மறந்துவிட்டது. ஆனால் தங்கையின் கையால் ஊட்டினால் மட்டும் வாய் திறக்கிறது. தினமும் மாலை ஆறு மணிக்குத் தங்கை அங்கே இருந்தாக வேண்டும்.

ஒரு மாதமாக அந்தக் காப்பகத்துத் திருப்பத்தில் ஸ்டியரிங் திடீரென்று பாறையாகிவிடுகிறது. வண்டியை அணைத்துக் கிளப்பினால் ஒன்றும் நடக்காததுபோல் இளகிவிடுகிறது. புரொபசர் முதல் தடவை காது வைத்துக் கேட்டுவிட்டு, பழைய சாமான் கடையிலிருந்து வேறு மோட்டார் வாங்கிவந்து மாட்டினார். இரண்டாம் தடவை டயர்களைக் குற்றம் சொன்னார். அதற்கு மறுநாள் கார் நடைபாதைமேல் ஏறி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் தங்கை போய்ச் சேர மணி எட்டு. அக்கா இறுக மூடிய வாயோடு தூங்கிப்போயிருந்தார். மகன் சொல்லிவிட்டான்: "இந்தத் தடவையும் சரியாகலன்னா வண்டியை வித்துடலாம்மா. வாங்கறதுக்கு ஆள் ரெடி."

மூன்றாம் தடவை அவர் வந்தபோது மாலை நாலு மணி. என் வண்டிக்கு ஆயில் மாற்ற வந்த நான் மர ஸ்டூலில் காத்திருந்தேன்.

"தம்பி, சாயங்காலம் அந்தத் திருப்பத்துல..."

"சொல்லாதீங்க மேடம். வண்டி சொல்லட்டும்."

"அது ரெண்டு தடவை சொல்லிடுச்சே. உங்களுக்குத்தான் கேக்கல."

அவர் அதையும் கேட்கவில்லை. சார்ஜரை மாட்டினார். ஸ்கேனரை மாட்டி, வந்த வரிகளை அழித்தார். காதை வைத்தார். பிறகு ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைச் சுழற்றிக் காட்டினார். "வெண்ணெய் மாதிரி திரும்புது, பாருங்க. ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. ஸ்டியரிங்ல ஒண்ணுமில்ல மேடம். உங்க தோள்லதான் இருக்கு. வயசாகுதில்ல? பேசாம யாரையாவது ஓட்டச் சொல்லிட்டு நீங்க பின்னாடி உக்காந்துக்குங்க."

எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டார்! ஊரின் மறுகோடியில் ஒரு கிழவியின் வாயை நிரந்தரமாகப் பூட்டிச் சாவியைத் தூக்கி எறிந்தோம் என்ற உணர்வே இல்லாமல், துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். துடைக்கும்படியாக அந்தக் கையில் ஓர் அழுக்கும் இல்லை.

நூலகர் அழுவார் என்று நான் பயந்தேன். அவர் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கியபடி, திறந்திருந்த பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன தம்பி?"

"சார்ஜர். டெஸ்ட் பண்றப்ப கரண்ட் குறையக்கூடாதுல்ல."

"நான் ரோட்டுல போறப்ப இதைப் பின்னாடி கட்டி இழுத்துட்டா போறேன்? கழட்டுங்க."

"மேடம், அது முறையில்ல. நான் எப்பவும்..."

ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "கிளிப்பைத்தானே கழட்டச் சொல்றாங்க, உங்க தலையையா?"

கழற்றினார். நூலகர் அவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொல்லி, வெளியே நின்றபடி, பாடம் ஒப்பிக்க வைப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னார். "ஹெட்லைட்டைப் போடுங்க. வைப்பரைப் போடுங்க. ஏசியை ஃபுல்லா வைங்க. மழைக் காலம், இருட்டற நேரம், நான் போறப்ப இதெல்லாம்தான் ஓடும். இப்பத் திருப்புங்க. முழுசா. இந்தப் பக்கம். இப்ப அந்தப் பக்கம்."

மூன்றாவது திருப்பலில் முன்பலகையில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. வெண்ணெய் உறைந்து கல்லாயிற்று. புரொபசர் ஒரு கையால் இழுத்தார். இரண்டு கையால் இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. சட்டைப்பையிலிருந்த பேனாக்கள் மடியில் விழுந்தன.

"ஏங்க," என்றார் மனைவி, "உங்களுக்கும் தோள் வலியா?"

தகரம் தட்டுபவர் சிரித்த சிரிப்பு சுத்தியல் சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அதன் பிறகு காதுக்கு வேலையில்லை. மீட்டரை எடுத்துவந்து அளந்தார். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. அதை வண்டியின் இரும்போடு இணைக்கும் தடித்த எர்த் வயர்தான், நுனியில் பச்சைப் பொடி பூத்து, விரல் பட்டதும் உதிர்ந்தது. விளக்கும் ஏசியும் ஓடும்போது ஸ்டியரிங் மோட்டாருக்கு வேண்டிய மின்சாரம் அந்த அரித்த வயர் வழியாக வரவில்லை. மின்சாரம் குறைந்ததும் அது தன்னை அணைத்துக்கொண்டது. புரொபசரின் கறுப்புக் கிளிப்போ, ஒவ்வொரு தடவையும் அந்த வயரைத் தொடாமலே இரும்புக்கு நேராக வேறு வழி போட்டுக் கொடுத்தது. வண்டி இங்கே வந்தபோதெல்லாம் ஊன்றுகோலைக் கொடுத்து நிற்க வைத்துவிட்டு, நடையில் குறையில்லை என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மின்சாரம் குறைகிறது என்று ஸ்கேனரும் மூன்று முறை எழுதித்தான் இருக்கும். மூன்று முறையும் ஸ்லேட்டைத் துடைத்தவர் அவரே.

"எர்த் மேல எனக்கு முதல்லயே ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றார், பச்சைப் பொடியை உள்ளங்கையில் ஏந்தி.

"அப்ப மோட்டாரை எதுக்கு மாத்தினீங்க?"

"அது ஒரு முன்னெச்சரிக்கை, மேடம்."

புது வயர் மாட்ட இருபது நிமிடம்கூட ஆகவில்லை. நூலகர் சார்ஜரைக் கிட்டவே வரவிடவில்லை. எல்லா விளக்கையும் எரியவிட்டு, தாமே உட்கார்ந்து இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக ஏழு முறை திருப்பிப் பார்த்தார். ஆரஞ்சு விளக்கு எரியவில்லை. மகனுக்குப் போன் போட்டார். "வண்டி எங்கயும் போகலடா. நான்தான் போறேன். வாங்க வரேன்னவர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடு." அப்போது மணி ஐந்தே கால். அந்தக் குரல் ஒருமுறை தழுதழுத்தது.

கொட்டகையின் வாசல் குறுகலானது. வெளியேறியதும் உடனே வலப்புறம் ஒடிக்க வேண்டும். யாரும் கேட்காமலே புரொபசர் ஓடிப்போய் வாசலில் நின்று, இரண்டு கைகளையும் உயர்த்தி வீசத் தொடங்கினார். "வாங்க, வாங்க... ரைட் ஒடிங்க... இன்னும் ஒடிங்க..." நூலகர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. இடது கை ஒன்றாலேயே ஸ்டியரிங்கை ஒரு சுற்றுச் சுற்றி, சுவரில் உரசாமல் தெருவில் இறங்கிப் போய்விட்டார். கார் முனை திரும்பி மறைந்த பிறகும், காலியான வாசலைப் பார்த்து அவர் கையை வீசிக்கொண்டிருந்தார். "அவ்வளவுதான்... அப்படியே... ஆங், போதும், போதும்."