பேர் போன காதுகுத்து

எனக்கும் தங்கைக்கும் ஒரே நாளில் காதுகுத்து என்று முடிவானபோது எனக்கு ஏழு வயது. தங்கைக்கு அப்போதுதான் ஒரு வயது. ஊசி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். "காது குத்துனா சாப்புடவே மாட்டேன்" என்று மாமாவுக்குப் போன் போட்டே அறிவித்துவிட்டேன். மாமா, அம்மாவின் அண்ணன். செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. காது குத்த மடி கொடுப்பதும் கம்மல் வாங்கி வருவதும் தாய்மாமனான அவர் பொறுப்பு.

அழைப்பிதழ் சித்தியின் பொறுப்பு. அம்மாவின் தங்கையான சித்தி, சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் படித்து முடித்துவிட்டு முதுநகரில் எங்களோடு இருந்தார். சென்னையில் வேலை கிடைத்திருந்தது. மாமாதான் அனுப்ப மாட்டேன் என்று நின்றார். "வெப்சைட் செய்யப் படிச்சியாமே, ஏதாச்சும் செஞ்சு காட்டேன்" என்று அவர் ஒருமுறை கேட்டது சித்திக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். அச்சடித்த பத்திரிகை வேண்டாம், ஆளுக்கொரு பக்கமாக நானே இணையத்தில் போடுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

"மொதல்ல பி.எச்.பி.ங்கற கம்ப்யூட்டர் மொழியில ஒரு கிளாஸ் எழுதணும்டா."

"எத்தனாங் கிளாஸு?"

"அந்தக் கிளாஸ் இல்லடா. காதுகுத்துப் பத்திரிகைன்னா என்னென்ன வேணும்? பேரு, போட்டோ, நாளு, கோயிலு. இதெல்லாம் இருக்கணும்னு சொல்லி வைக்கிறதுதான் கிளாஸ். அத வச்சி உனக்குன்னு ஒண்ணு செஞ்சா, அது ஆப்ஜெக்ட்."

எனக்கென்று ஒன்று செய்தார். என் பெயரும், முன்பல் விழுந்த என் படமும் திரையில் வந்தன. அதை அழித்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். சித்தி என்னை விரட்டிவிட்டுத் தங்கையின் பக்கத்தைச் செய்தார். அதையும் திறந்து பார்த்துத் திருப்தியாகி, இரண்டு லிங்க்கையும் உறவினர் அனைவருக்கும் வாட்ஸாப்பில் அனுப்பினார். ஒன்றை மட்டும் திறந்து பார்த்த பலரும் கைகூப்பும் பொம்மையைப் பதிலாகப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

சிதம்பரத்தை அடுத்த எங்கள் குலதெய்வக் கோயிலில் மாமா கம்மல் பெட்டியைத் திறந்தார். ஒரு ஜோடிதான் இருந்தது.

"இன்னொரு ஜோடி எங்கண்ணா?" என்றார் அம்மா.

"யாருக்கு? ரெண்டு லிங்க்குலயும் பாப்பா பேருதான இருந்துச்சு! சரி, மாப்ள அழுது சாதிச்சிட்டான்னு நெனச்சேன்."

சித்தி அவர் போனைப் பிடுங்கிப் பார்த்தார். இரண்டிலும் மொட்டைத் தலையோடு தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள். சாமி இவ்வளவு சீக்கிரம் காது கொடுத்துக் கேட்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "எம் பேரே இல்ல! எனக்குக் கெடையாது!" என்று கோயிலைச் சுற்றி ஓடினேன்.

தங்கை மாமாவின் மடியில் ஏறும்வரைதான் அந்தச் சந்தோஷம். அவள் வீறிட்டாள், உடனே ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்சினார்கள். வாயில் சர்க்கரை, கழுத்தில் மாலை. போட்டோவில் நான் முண்டியடித்து நின்றபோது, தூரத்து உறவு அத்தை ஒருவர், "இது யாரு வூட்டுப் புள்ள? கொஞ்சம் தள்ளச் சொல்லு" என்றார்.

"எனக்கும் குத்துங்க!" என்று தரையில் விழுந்து புரண்டேன்.

காது குத்த வந்த பத்தர் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். அவரைக் கெஞ்சி உட்கார வைத்துவிட்டு, மாமா கம்மல் வாங்க பைக்கில் சிதம்பரத்துக்குப் பறந்தார். சித்தி வேப்பமரத்தடியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இதுக்குத்தான் அவ்ளோ படிப்பா?" என்று அதே அத்தை காதில் விழும்படி சொன்னார். சித்தி தட்டிக்கொண்டே இருந்தார்.

மாமா திரும்பியதும் நேராகச் சித்தியிடம் போனார்.

"என்னதான் ஆச்சு?"

"பையனுக்கு 'நியூ'ன்னு போட்டு ஒண்ணு செஞ்சேண்ணா. பாப்பாவுக்கும் அப்படியே புதுசா செஞ்சிருக்கணும். சோம்பேறித்தனத்துல, இவனோடதுதான் பாப்பாவோடதும்னு எழுதிட்டேன். காப்பி ஆயிடும்னு நெனச்சேன். ஆவல. ஒரே ஆப்ஜெக்டுக்கு ரெண்டு பேராயிடுச்சு. அதுல பாப்பா பேரப் போட்டதும் இவன் பேரு போயிடுச்சு."

"இப்ப?"

"நடுவுல 'க்ளோன்'னு, அதாவது தனியா நகல் எடுன்னு, போட்டேன். இப்ப அவுங்கவுங்களுக்குத் தனித்தனி."

மாமா தன் போனில் லிங்க்கைத் தொட்டார். என் பெயர் வந்தது. "ஒரே வார்த்ததானா?" என்று கேட்டுவிட்டுச் சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஊசி படுவதற்கு முன்பே நான் போட்ட கூச்சலில் தங்கை மறுபடியும் அழ ஆரம்பித்தாள்.

காது ஆறுவதற்குள், முதுநகர் ரயிலடியில் சென்னை ரயிலுக்காக நாங்கள் எல்லோரும் நின்றோம். சித்தியின் பெட்டியை மாமாவே தூக்கி வந்திருந்தார். என் பெயரைத் தொலைத்ததற்காகச் சித்தியை வீட்டை விட்டே அனுப்புகிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மாமாவின் காலைக் கட்டிக்கொண்டேன்.

"சித்தி தெரியாமப் பண்ணிட்டாங்க மாமா! எம் பேருதான் திரும்ப வந்துடுச்சே, அனுப்பாதீங்க!"

மாமா சிரித்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். ரயில் நகர்ந்ததும் சித்தி ஜன்னல் வழியாக, வளையல்கள் முழங்கைவரை சரிய, கையை ஆட்டிக்கொண்டே போனார். இவ்வளவு பெரிய தண்டனை கிடைத்தவருக்கு எங்கிருந்து அவ்வளவு சிரிப்பு வந்தது என்று, வீடு வந்து சேரும்வரை எனக்கு விளங்கவே இல்லை.