டிரைவர் பக்கம், கிளீனர் பக்கம்

போன வாரம் பட்டறை மேஸ்திரி முனிரத்தினம் ஃபோன் செய்து, "நம்ம ஏகாம்பரம் போயிட்டான்மா" என்றார். ஐயோ என்றுகூட எனக்கு வரவில்லை. "ரோட்லயா?" என்றுதான் கேட்டேன். "இல்லம்மா, வூட்லதான். மத்தியானம் சோறு துன்னுட்டுப் படுத்திருக்கான், எழுந்திரிக்கல. ஹார்ட்டுன்னு டாக்டர் சொல்றாரு." மறைக்காமல் சொல்கிறேன், முதலில் வந்தது நிம்மதி. அழுகை அதற்கப்புறம்தான் வந்தது.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரோடு பழகிய உங்களுக்கு இது கல்நெஞ்சமாகத் தெரியலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆந்திர எல்லையில், ஸ்ரீ சிட்டிக்குப் பக்கத்தில் ஃபைபர் படகு செய்கிற பட்டறையில்தான் நாங்கள் வேலை செய்கிறோம். படகை ஏற்றும் டிரெய்லரின் நாலு டயருக்குள்ளும் காற்றழுத்தம் பார்க்கும் சென்சாரை மாட்டி, எந்த சென்சார் எந்தச் சக்கரம் என்று ஜீப்பில் இருக்கும் டிஸ்பிளேயில் பதிவது என் வேலை. அந்த டிரெய்லரை ஜீப்பின் பின்னால் கட்டி, அணைகளுக்கும் ஏரிகளுக்கும் இழுத்துப் போனவர் ஏகாம்பரண்ணன். அவர் ரோட்டில் இருக்கும் வரை என் உயிர் என்னிடம் இருக்காது.

சென்சார் வந்த புதிதில் அவருக்கு ஒரே சிரிப்பு. மரக்கட்டை ஒன்று வைத்திருப்பார். டயரைத் தட்டி, சத்தத்தை வைத்தே காற்று எவ்வளவு என்று சொல்வார். "தண்ணில போற படகுக்குக் காத்து ஜோசியம் எதுக்கும்மா?" என்பார். நானும் விடமாட்டேன். "ஓட்டும்போது எறங்கி எறங்கித் தட்டிக்கினா போவீங்க?" என்று கேட்டேன்.

இவ்வளவு வாய் பேசியவள் முதல் டிரெய்லரிலேயே கோட்டை விட்டேன். ஜீப்போடு மாட்டும் கொக்கியருகே, டிரெய்லரைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டு, என் இடக்கைப் பக்கம் இருந்ததையெல்லாம் இடது என்று பதிந்துவிட்டேன். வண்டிக்கு அது வலது. நாகலாபுரம் தாண்டியதும் அலாரம் அடித்து, இடது பின்சக்கரத்தில் காற்று இறங்குகிறது என்று காட்டியிருக்கிறது. அவர் இறங்கிப் போய்த் தட்டினால், டயர் கல் மாதிரி இருக்கிறது. வேறொருவராக இருந்தால் மெஷினைத் திட்டிவிட்டு வண்டியை எடுத்திருப்பார். அவர் சுற்றி வந்து மீதி மூன்றையும் தட்டினார். வலது பின்சக்கரத்தில் ஆணி ஏறியிருந்தது.

திரும்பி வந்ததும், முதலாளி காதில் விழாத தூரத்துக்கு என்னை அழைத்துப் போனார்.

"நீ எங்க குந்திக்கினு எழுதின?"

"முன்னாடி, கொக்கிகிட்ட."

"வண்டி எந்தப் பக்கம் பாத்துக்கினு போவுது?"

அப்போதுதான் நான் பக்கம் மாற்றிப் பதிந்தது எனக்கு உறைத்தது. "பரவாலேதும்மா," என்றார். "லெஃப்டு ரைட்டெல்லாம் வுட்டுடு. டிரைவர் பக்கம், கிளீனர் பக்கம்னு எழுது. நீ எங்க குந்தினாலும் மாறாது."

"நம்ம வண்டில கிளீனரே இல்லியேண்ணா."

"ஆளு இல்லன்னா பக்கம் இல்லாம பூடுமா?"

அன்றே மறுபடி பதிந்தோம். ஒவ்வொரு டயரிலும் நான் கொஞ்சம் காற்றை இறக்க, ஜீப்பில் உட்கார்ந்து டிஸ்பிளேயில் எது மின்னுகிறது என்று அவர் குரல் கொடுத்தார். நாலும் சரியாக வந்த பிறகும் இன்னொரு முறை செய்யச் சொன்னார். அதன் பிறகு இருவரும் இப்படிச் சரிபார்க்காமல் ஒரு படகும் பட்டறையை விட்டுப் போனதில்லை. என் தவறை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இன்று நானே சொல்கிறேன்.

சாவுக்கு அவர் ஊரான நாராயணவனம் போனபோது, அந்த நிம்மதிதான் என்னைக் குத்திக்கொண்டிருந்தது. ஒரு மனிதர் செத்த செய்தி கேட்டு, நான் பதிந்த சக்கரத்தால் இல்லை என்று மூச்சுவிட்டவள் நான். எந்த முகத்தோடு அவர் மனைவி தேசம்மா அண்ணியைப் பார்ப்பது? நான் வாயைத் திறக்குமுன் அவரே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முப்பது வருசமா ஃபோன் அடிச்சாலே, ரோட்ல என்னா ஆச்சோன்னு பயந்துக்கினேதான் எடுப்பேன். கடைசில என் கையால துன்னுட்டு, என் வூட்டுப் பாயில போனாரு. அழுவறப்பவும் எனக்கு அது நிம்மதியா இருக்குதும்மா. தப்பா?"

அவரிடம் நான் கேட்கப் போனதும் அதைத்தான்.

"தப்பில்ல அண்ணி," என்றேன். எனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டேன்.

என் வேலையை நம்பி ரோட்டில் இறங்கிய மனிதர், ஒவ்வொரு முறையும் வீடு வந்து சேர்ந்தார். ஏகாம்பரண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.